எட்டாவது முடிச்ச மகளை மாதிரிப் பள்ளி ஹாஸ்டல்ல சேர்க்கலாமா?

செல்லம்பட்டி அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம் செல்லம்பட்டி. வீட்டுக்காரர் பூ வியாபாரம், உசிலம்பட்டியில எடுத்து மாட்டுத்தாவணி மார்க்கெட்ல போடுறாரு. நான் வீட்டுலயே தையல். மூத்தவ இப்பத்தான் எட்டாவது முடிச்சா. அரசுப் பள்ளிக்கூடம், தமிழ் மீடியம். கணக்குன்னா சோறு தண்ணி வேண்டாம் அவளுக்கு. என்.எம்.எம்.எஸ்.னு அரசு உதவித்தொகைப் பரீட்சை வைப்பாங்கல்ல, அதுலயும் பாஸாயிட்டா.

போன வாரம் ஹெச்.எம். கூப்பிட்டுவிட்டு, "மாதிரிப் பள்ளிக்கு உங்க பிள்ளை பேரு வந்திருக்கும்மா, ஒம்பதாவதுல இருந்து அங்க தங்கிப் படிக்கணும், காசு ஒண்ணும் கிடையாது, யோசிச்சுச் சொல்லுங்க"ன்னாரு. அன்னையிலிருந்து வீட்டுல பஞ்சாயத்துதான். வயசுக்கு வந்த புள்ளைய கண்ணுக்கு எட்டாத எடத்துல விடுவீங்களான்னு அப்பத்தா பேசாம உக்காந்திருக்கு. இன்னொரு பக்கம் மதுரையில ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல ஐ.ஐ.டி. பவுண்டேஷன்னு (ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கு இப்பவே தயார் பண்ற வகுப்பாம்) ஒரு டெஸ்ட் வச்சாங்க, அதுலயும் நல்ல மார்க்கு. பீஸுல பாதி தள்ளுபடி தர்றாங்களாம். பாதி போகவும் எழுபதாயிரம் வருது வருஷத்துக்கு. செக்கானூரணி வரைக்கும் வேன் வரும், தினம் வீட்டுக்கு வந்துரலாம்னு இவரு அந்தப் பக்கம் சாயுறாரு.

எனக்கு ரெண்டும் புரியல. மாதிரிப் பள்ளியில நெசமாவே கணக்கு, அறிவியல் தனியாச் சொல்லித் தர்றாங்களா, இல்ல பேருதான் பெருசா? தமிழ் மீடியத்துல படிச்சவ அங்க தாக்குப் பிடிப்பாளா? பொம்பளப் புள்ளைய விட்ட அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க.

திருநகர் அப்பா:

என் பையன் இந்த மாதிரி பவுண்டேஷன் உள்ள பள்ளியிலதான் ஒம்பதாவது படிக்கிறான் (எதுன்னு சொல்லல). காலையில ஸ்கூல், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பவுண்டேஷன், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். பதினொண்ணாவது பிசிக்ஸை இப்பவே பாதி முடிச்சிட்டாங்க. கஷ்டம்தான், ஆனா ரிசல்ட் வேணும்னா இப்பவே ஓடினாத்தான் உண்டு. காசு புரட்ட முடியும்னா தனியார்தான் என் ஓட்டு. பிள்ளையும் கண் முன்னாடி இருக்கும்.

மேலூர் கணக்கு வாத்தியார்:

செல்லம்பட்டி அம்மாவுக்கு. நான் மேலூர்ப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில முதுகலை ஆசிரியரா இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்குங்க.

முதல்ல பணக் கணக்கு, அது சீக்கிரம் முடிஞ்சிரும். ஆறாவதுல இருந்து பன்னிரண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைகளுக்கு மருத்துவத்துல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல வந்துச்சு. அடுத்த வருஷமே பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம்னு நீட்டினாங்க. உங்க பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இந்தக் கணக்குல உண்டு, மாதிரிப் பள்ளியும் அரசுப் பள்ளிதான். ஒம்பதாவதுல தனியாருக்கு மாத்தினீங்கன்னா அந்த உரிமை அன்னைக்கே போச்சு. அப்புறம் பதினொண்ணாவதுல திருப்பிக் கொண்டுவந்து அரசுப் பள்ளியில போட்டாலும் ஒட்டாது. காலேஜ் போறப்போ மாசம் ஆயிரம் தர்ற புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளிப் படிப்பைப் பார்த்துத்தான் வருது. பாதிக் கட்டணத் தள்ளுபடியைச் சொல்றவங்க இதைச் சொல்லியிருக்க மாட்டாங்க. சொல்ல வேண்டியது அவங்க வேலையும் இல்ல.

இன்னொண்ணு. என்.எம்.எம்.எஸ்.ல வருஷத்துக்கு 12,000 ரூபா, ஒம்பதாவதுல இருந்து நாலு வருஷம் வரும். அதோட விதியில, சாப்பாடும் தங்குற இடமும் அரசே கொடுக்கிற உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பணம் இல்லைன்னு இருக்கு. மாதிரிப் பள்ளியில சேர்ந்தா அந்த உதவித்தொகை என்ன ஆகும்னு ஹெச்.எம். கிட்ட கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க. போனாலும் கவலைப்படாதீங்க, சாப்பாடும் தங்கலுமே அதைவிடப் பெரிய தொகை.

இப்போ படிப்புக்கு வர்றேன். மாதிரிப் பள்ளிங்கிறது 2021-22ல சில மாவட்டத்துல ஆரம்பிச்சு, இப்போ 38 மாவட்டத்துலயும் இருக்கு. பாடம் அதே சமச்சீர்ப் பாடம்தான். மாவட்டம் முழுக்க அரசுப் பள்ளியில இருந்து பொறுக்கி எடுத்த பிள்ளைகளை ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து, ஜே.இ.இ., நீட் மாதிரி பொறியியல், மருத்துவ நுழைவுப் பரீட்சைக்கும் சேர்த்துத் தயார் பண்றாங்க. கட்டடம், ஸ்மார்ட் போர்டு, இதையெல்லாம் பார்த்து மயங்க வேண்டாம். அதை எவனும் வாங்கிப் போட்டுரலாம். உங்க மகளுக்கு அங்க கிடைக்கப்போற ஒரே உருப்படியான பொருள் என்னன்னா, அவ போட்ட விடையைத் தப்புன்னு சொல்ல ஒரு ஆள்.

சிரிக்காதீங்க. இப்போ அவ கிளாஸ்ல முதல் ஆளு. ஒரு கணக்கை அவ எப்படிப் போட்டாலும் மத்தவங்க அதைப் பார்த்து எழுதிக்குவாங்க. டீச்சரும் அவ நோட்டை வாங்கிப் பார்த்துட்டு சரின்னு டிக் போட்டுருவாங்க. நாப்பது பேரைக் கரையேத்துற அவசரத்துல அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது. அங்க போனா பக்கத்துக் கட்டில்ல இருக்கிற பேரையூர்ப் பிள்ளை, "நீ அஞ்சு வரியில போட்டதை நான் ரெண்டு வரியில போட்டுட்டேன்"னு சொல்லும். ராத்திரி முழுக்க ரெண்டும் மல்லுக்கு நிக்கும். கணக்கு வளர்றது அங்கதான். நான் முப்பது வருஷத்துக்கு மேல கரும்பலகை முன்னாடி நின்னவன், நான் சொல்லிக்கொடுத்து வளர்ந்த பிள்ளைகளைவிட தங்களுக்குள்ள சண்டை போட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் ஜாஸ்தி.

இது இங்க கண்டுபிடிச்ச வித்தையும் இல்ல. 1963ல மாஸ்கோவுல கொல்மகோரவ்னு பெரிய கணித மேதை, பல்கலைக்கழகத்தோட சேர்த்து ஒரு தங்கிப் படிக்கிற கணக்கு-பௌதிகப் பள்ளி ஆரம்பிச்சாரு. மாஸ்கோ நகரத்துப் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் ஏற்கெனவே இருக்குன்னு, வெளியூர், கிராமத்துப் பிள்ளைகளுக்குன்னே வச்ச பள்ளி அது. அதே வருஷம் சைபீரியாவுல நோவோசிபிர்ஸ்க்லயும் ஒண்ணு. அங்க எப்படி ஆள் எடுத்தாங்க தெரியுமா? கணக்கைப் பத்திரிகையில போட்டு, விடையைத் தபால்ல அனுப்பச் சொன்னாங்க. நல்லா எழுதினவங்களை அடுத்த கட்டத்துக்குக் கூப்பிட்டாங்க, கடைசியில கோடை விடுமுறைப் பள்ளியில கொஞ்ச நாள் பாடம் நடத்திப் பார்த்துட்டுத்தான் சேர்த்தாங்க. கொல்மகோரவ் தன் பள்ளியில கணக்கு மட்டும் நடத்தல. பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுவாரு, கவிதை பேசுவாரு, கூட்டிக்கிட்டுக் காடு மேடு நடப்பாரு. ஞாயிற்றுக்கிழமையும் டெஸ்ட் வைக்கிறவங்க இதையும் கொஞ்சம் யோசிக்கலாம் (திருநகர் அப்பா கோவிச்சுக்க வேண்டாம்).

ஆக, பள்ளிக்கூடத்தை நேர்ல போய்ப் பாருங்க. போனா ரிசல்ட் போர்டைப் பார்க்காதீங்க. ஒம்பதாவது பிள்ளைகளை லேபுக்குள்ள விடுறாங்களா, இல்ல பன்னிரண்டாவது பிராக்டிகல் பரீட்சைக்கு மட்டும் பூட்டைத் திறக்கிறாங்களான்னு கேளுங்க. புத்தகத்துக்கு வெளியே வாரத்துக்கு ஒரு கணக்காவது யாராவது தர்றாங்களான்னு கேளுங்க. சாயங்காலம் டைம் டேபிள்ல எதுவும் எழுதாத ஒரு மணி நேரம் இருக்கான்னு பாருங்க. அது ரொம்ப முக்கியம். ஒரு கணக்குல மாட்டிக்கிட்டு முழிக்கிறதுக்கு நேரம் இல்லாத பிள்ளை, வேகமா டிக் அடிக்கத்தான் கத்துக்கும்.

தமிழ் மீடியம் பத்திக் கேட்டீங்க. ஜே.இ.இ. மெயின் வினாத்தாள் தமிழ்லயும் உண்டு, நீட்டும் தமிழ்ல உண்டு. ஆனா ஐ.ஐ.டி.க்குள்ள விடுற ஜே.இ.இ. அட்வான்ஸ்டு இங்கிலீஷ், ஹிந்தி ரெண்டுலதான். அதனால இங்கிலீஷ்ல வர்ற கணக்கு வார்த்தைகள் பழகித்தான் ஆகணும். அது மொத்தமே சில நூறு வார்த்தை. ஒரு வருஷத்துல வந்துரும், பயப்பட ஒண்ணும் இல்ல.

கடைசியா ஒரு எச்சரிக்கை. இதுவரைக்கும் எதுலயும் ரெண்டாவது வராத பிள்ளை, அங்க முதல் பருவத்துல இருபதாவதோ முப்பதாவதோ வருவா. அழுதுக்கிட்டுப் போன் பண்ணுவா. அன்னைக்கு உடனே பஸ் ஏறிப் போய்க் கூட்டிக்கிட்டு வந்துராதீங்க. அதுக்காகத்தான் அனுப்பினதே.

முடிவு பண்றதுக்கு முன்னாடி அவகிட்ட இந்தக் கணக்கைக் கொடுங்க. ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் சிலேட்டுல எழுதணும். அதுல எந்த ரெண்டு எண்ணை வேணாலும் அழிச்சிட்டு, அதுக்குப் பதிலா அதோட வித்தியாசத்தை எழுதணும். இப்படியே அழிச்சு அழிச்சு எழுதினா கடைசியில ஒரே ஒரு எண் மிஞ்சும். அது ஒற்றைப்படையா இரட்டைப்படையா? எப்படி அழிச்சாலும் அதேதானா? விடை எனக்கு வேண்டாம். அவ எவ்வளவு நேரம் அதை விடாம வச்சிருந்தான்னு மட்டும் சொல்லுங்க.

கல்லுப்பட்டி டீச்சர்:

ஐயா சொல்றது எல்லாம் சரிதான், ஆனா யாரும் பேசாத ஒண்ணை நான் பேசிடுறேன். நான் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில அறிவியல் டீச்சர். எட்டாவதுல நல்லா கேள்வி கேட்கிற மூணு பிள்ளை இருந்தா, ஒம்பதாவதுல அந்த மூணும் கிளம்பிருது. மிச்சப் பிள்ளைகளுக்கு யாரைப் பார்த்துப் படிக்கிறதுன்னு தெரியல. நான் "ஏன்?"னு ஒரு கேள்வி கேட்டா வகுப்பே ஜன்னலைப் பார்க்குது. அப்புறம் பத்தாவது ரிசல்ட் வந்ததும், ஏன் உங்க பள்ளியில 450க்கு மேல ஆளே இல்லைன்னு கூட்டத்துல எங்களைத்தான் நிக்க வச்சுக் கேட்கிறாங்க. மாவட்டத்துக்கு ஒரு நல்ல பள்ளி கட்டுற காசுல, ஒன்றியத்துக்கு ஒரு நல்ல லேப் கட்டியிருக்கலாம்.

அம்மா, உங்க மகளை அனுப்ப வேண்டாம்னு சொல்லல. என் மகளுக்கு வந்திருந்தா நானும் அனுப்பியிருப்பேன். அதுதான் எனக்கு எரிச்சல்.

மேலூர் கணக்கு வாத்தியார்:

டீச்சர் சொல்ற வலி எனக்குத் தெரியும், பதில் கிடையாது. பிள்ளையைப் பொறுக்கி எடுக்கிற எந்தப் பள்ளியும் விட்டுட்டு வந்த பள்ளிக்கு ஒரு கடன்காரன்தான். அந்தப் பிள்ளைகள் லீவுல ஊருக்கு வர்றப்போ பழைய பள்ளிக்கு ஒரு நாள் வந்து, எட்டாவதுக்கு ஒரு கணக்கைப் போட்டுக் காட்டிட்டுப் போகணும்னு நான் எங்க ஊர்ல ஏற்பாடு பண்ணிப் பார்த்தேன். சில பிள்ளைகள் வந்துச்சு. அது போதாதுதான்.

விடுதிப் பழைய மாணவி:

அக்கா, நான் தென் மாவட்டம் ஒண்ணுல மாதிரிப் பள்ளியில பதினொண்ணு, பன்னிரண்டு படிச்சு, இப்போ பி.எஸ்சி. கணக்கு ரெண்டாவது வருஷம். ஹாஸ்டல் பத்தி மட்டும் சொல்றேன்.

பொம்பளப் பிள்ளைகளுக்குத் தனி விடுதி, வார்டன் அங்கேயே தங்குவாங்க. வெளியே விடணும்னா அப்பா அம்மா வந்து கையெழுத்துப் போடணும். அப்பத்தாகிட்ட அதைச் சொல்லுங்க, வீட்டைவிடக் கட்டுப்பாடு ஜாஸ்தி. போன் நம்ம கையில இருக்காது, வார்டன் போன்லதான் பேசணும், முதல் மாசம் அதுதான் பெரிய கொடுமை. காலையில குளிக்க வரிசை நிக்கணும். சாப்பாடு பரவாயில்ல, முட்டை உண்டு, ஊறுகாய் மட்டும் வீட்டுல இருந்து கொண்டு போகச் சொல்லுங்க.

வாத்தியார் ஐயா சொன்ன மல்லுக்கட்டு உண்மை. ஆனா எல்லாரையும் நீட், ஜே.இ.இ.ன்னே தள்ளுவாங்க. எனக்குக் கணக்கு மட்டும்தான் பிடிக்கும்னு சொன்னப்போ, அதைப் படிச்சு என்ன பண்ணப் போறன்னுதான் கேட்டாங்க. சென்னைப் பக்கம் சிறுசேரியில சி.எம்.ஐ.ன்னு கணக்குக்குன்னே ஒரு இடம் இருக்கு, அதுக்குத் தனி நுழைவுத் தேர்வுன்னு எனக்குப் பன்னிரண்டாவது பாதியிலதான் தெரிஞ்சது. உங்க மகளுக்கு ஒம்பதாவதுலயே சொல்லி வைங்க. ஐ.ஓ.க்யூ.எம்.ன்னு கணித ஒலிம்பியாட்டோட முதல் படியும் இருக்கு: எட்டாவதுல இருந்தே எழுதலாம், 30 கேள்வி, மூணு மணி நேரம், விடை எல்லாம் 00ல இருந்து 99க்குள்ள ஒரு முழு எண். ஆப்ஷன் கிடையாது, குத்துமதிப்பா டிக் அடிக்க முடியாது. பள்ளியில யாரும் ஃபார்ம் கொண்டுவந்து தர மாட்டாங்க, இவதான் போய்க் கேட்கணும்.

லீவுல மதுரைக்கு வந்தா புது நத்தம் ரோடு கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ஏசியில உக்காந்து நாள் முழுக்கக் கணக்குப் போடலாம், யாரும் எழுந்திரின்னு சொல்ல மாட்டாங்க.

திருநகர் அப்பா:

7.5 சதவீதம் விஷயம் எனக்கே இப்பத்தான் முழுசாத் தெரியும். என் பையன் ஆரம்பத்துல இருந்து தனியார், அதனால எங்களுக்கு அது பொருந்தாது. வாத்தியார் ஐயா, ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட்டுக்கு நான் பொறுப்பில்ல, அதுக்கும் சேர்த்துத்தான் பீஸ் கட்டுறேன் :)

பையனும் அந்தக் கணக்கைப் போட்டான். ஒரே ஒரு தடவை அழிச்சுப் பார்த்துட்டு "ஒற்றைப்படை, அடுத்த கேள்வி"ன்னுட்டான். ஏன்னு கேட்டா, விடை சரிதானே அப்பாங்குறான்.

செல்லம்பட்டி அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஐயா, நீங்க கேட்டதைச் சொல்றேன். சாயங்காலம் கணக்கைக் கொடுத்தேன். சிலேட்டு இல்ல, துணி வெட்டுற சாக்பீஸை எடுத்துக்கிட்டு வாசத் திண்ணையில எழுதி எழுதி அழிச்சா. எனக்கு சாக்பீஸ் ஒரு பெட்டி காலி. ஒவ்வொரு தடவையும் ஒற்றைப்படைதான் வருதும்மா, ஆனா ஏன்னு தெரியலன்னு சாப்பிடவும் வரல. அவுங்க அப்பா வந்து லைட்டை அணைச்சுட்டாரு.

காலையில நான் பூக் கட்டிக்கிட்டு இருக்கேன், வந்து சொல்றா: பத்துல ஒற்றைப்படை அஞ்சு இருக்கு. ரெண்டு ஒற்றையை அழிச்சா வித்தியாசம் இரட்டை, அப்போ ஒற்றையில ரெண்டு குறையுது. ஒண்ணு ஒற்றை ஒண்ணு இரட்டை அழிச்சா வித்தியாசம் ஒற்றை, அப்போ குறையல. ரெண்டும் இரட்டைன்னாலும் குறையல. அஞ்சுல இருந்து ரெண்டு ரெண்டாத்தான் குறைய முடியும், அதனால கடைசியில ஒண்ணு மிஞ்சித்தான் ஆகணுமாம். எனக்குச் சொல்லிக் காட்டினது பத்தாதுன்னு அப்பத்தாவுக்கும் புளியங்கொட்டையை வச்சுக் காட்டிட்டா. அப்பத்தாவுக்குப் புரிஞ்சிருச்சு, எனக்குத்தான் ரெண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்துச்சு.

பன்னெண்டு வரைக்கும் எழுதினா இரட்டைதான் வரும்னு அவளே சொல்றா. அது சரியா ஐயா? அப்புறம் அவ ஒரு கேள்வி கேட்கச் சொன்னா: வித்தியாசத்துக்குப் பதிலா, ரெண்டு எண்ணோட பெருக்கலையும் கூட்டலையும் சேர்த்து எழுதினா கடைசியில எப்பவும் ஒரே எண்தான் வருமா? மூணு வரைக்கும் எழுதிப் பார்த்தாளாம், எப்படிப் போட்டாலும் 23தான் வருதாம்.

வெள்ளிக்கிழமை இவரும் நானும் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போறோம். லேப், சாயங்கால நேரம் ரெண்டையும் எழுதி வச்சிருக்கேன்.

மேலூர் கணக்கு வாத்தியார்:

பன்னிரண்டுக்கு ஒற்றைப்படை ஆறு, அதனால இரட்டைதான், சரி. எனக்குத் தெரிஞ்ச வழி வேற: மொத்தத்தைக் கூட்டி 55னு பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு அழிப்புலயும் கூட்டுத்தொகை இரட்டைப்படை அளவுதான் மாறும்னு காட்டுறது. உங்க மகளோட வழியில கூட்டவே வேண்டியதில்ல. அவ வழி நல்லா இருக்கு.

அவ கேட்ட கேள்விக்கு நான் விடை சொல்ல மாட்டேன். எல்லா எண்ணோடயும் ஒண்ணைக் கூட்டிப் பக்கத்துல எழுதி வச்சுக்கிட்டு, அழிக்கிறப்போ அந்தப் பக்கத்து எண்களுக்கு என்ன ஆகுதுன்னு பார்க்கச் சொல்லுங்க. சாக்பீஸ் நான் வாங்கி அனுப்புறேன்.

விடுதிப் பழைய மாணவி:

எனக்கு நாலு வரைக்கும் 119 வருது, அஞ்சு வரைக்கும் 719. தங்கச்சிகிட்ட சொல்லிராதீங்க அக்கா, அவளே போடட்டும். அப்புறம் வாளி ரெண்டு வாங்கிக் கொடுங்க, ஒண்ணு கண்டிப்பா தொலைஞ்சிரும்.